பைஜாமா எரிந்த கதை வேண்டாம். சாமை குத்திய கதையை எழுது!

காரவள்ளியில் இருந்து மேலே ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்ற இறங்கினால் கொல்லிமலை.

அந்த மலையில் பிறந்த ஒரு பெண், பட்டம் வாங்கிவிட்டு லண்டனில் மேல்படிப்பு படிக்க ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்.

"ஆசை இருக்கலாம், பணம் எங்கே?" என்று கேட்பீர்கள்.

பணம் இருக்கிறது!

தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் 2023-ல் வந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்க 36 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. மத்திய அரசும் ஆண்டுக்கு 20 பழங்குடி மாணவர்களை உதவித்தொகை கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறது.

ஆனால் அங்குள்ள பல்கலைக்கழகம் "வா" என்று கடிதம் கொடுக்க வேண்டுமே! அதற்கு மார்க் மட்டும் போதாது. "நான் யார்? ஏன் இந்தப் படிப்பு?" என்று ஒன்றிரண்டு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் எஸ்.ஓ.பி.

இந்தக் காகிதத்தில்தான் நம் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.

யாரும் கேட்காத கேள்வி

இங்கே பிளஸ்-2 மார்க்கைக் கூட்டி, கட்-ஆப் போட்டு, ரேங்க் போட்டு, கவுன்சலிங்கில் இடம் கொடுத்து விடுகிறார்கள். "ஏனப்பா என்ஜினீயரிங் எடுக்கிறாய்?" என்று ஒருவரும் கேட்பதில்லை.

அது நல்ல முறைதான். சிபாரிசுக்கு இடம் இல்லை. மலைக்காரப் பிள்ளைக்கும் மாடி வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கணக்கு.

ஆனால் 12 வருடம் படித்த பிள்ளை தன்னைப் பற்றி நாலு வரி எழுதிப் பழகவில்லை. எழுதியது எல்லாம் பசுவைப் பற்றிய கட்டுரை! திடீரென்று "உன்னைப் பற்றி எழுது" என்றால் கை நடுங்குகிறது.

உடனே என்ன செய்கிறார்கள்? "எஸ்.ஓ.பி. எழுதித் தரப்படும்" என்று போர்டு மாட்டிய கன்சல்டன்சிக்கு ஓடுகிறார்கள். அங்கே கிடைப்பது ரெடிமேட் சட்டை. பெயர் மட்டும் மாறும். "சிறு வயது முதலே எனக்கு அறிவியலில் தணியாத ஆர்வம்..." என்று ஆரம்பிக்கும்.

இது எங்கே போய் முடியும் தெரியுமா?

234 பைஜாமா!

பிரிட்டனில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்து விண்ணப்பம் வாங்கும் அமைப்பு யூகாஸ். 2007-ல் அவர்கள் 50 ஆயிரம் விண்ணப்பக் கட்டுரைகளைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

சிரிப்பு வந்துவிட்டது!

எட்டாவது பிறந்த நாளில் ரசாயனப் பெட்டியை வைத்து விளையாடியபோது பைஜாமாவில் ஓட்டை விழுந்ததாம். அன்று முதல் அறிவியல் மேல் காதலாம். இதே கதையை எழுதியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. 234 பேர்!

இணையத்தில் மாதிரிக்குக் கிடந்த ஒரு கட்டுரையைப் பார்த்துத்தான் இத்தனை பைஜாமாவும் எரிந்திருக்கிறது. கையும் களவுமாகப் பிடித்து விட்டார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டுரையையும் கம்ப்யூட்டர் சலிக்கிறது. காப்பி என்று சந்தேகம் வந்தால் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் போய்விடும். இப்போது ஏ.ஐ.யிடம் சொல்லி எழுதி வாங்கி, அதைத் தன் எழுத்து என்று கொடுத்தாலும் அதுவும் ஏமாற்றுக் கணக்கில்தான் சேரும் என்று யூகாஸ் எச்சரித்திருக்கிறது.

உரலில் இருக்கிறது விஷயம்

"மலையில் பிறந்த எனக்கு எழுத என்ன இருக்கிறது?" என்று அந்தப் பெண் கேட்கலாம்.

என்ன இல்லை?

கொல்லிமலையில் ஒரு காலத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும்தான் சாப்பாடு. பிறகு குச்சிக்கிழங்கு வந்தது. கீழே ஜவ்வரிசி ஆலைகள் வாங்கிக்கொண்டன. கையில் காசு புரண்டது. சாமைக் காடு சுருங்கியது.

காசு மட்டும் காரணம் இல்லை. சாமையின் தோல் லேசில் போகாது. பெண்கள் உரலில் போட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். கை காய்த்துவிடும். ரேஷன் அரிசி வந்த பிறகு எந்தத் தாய் அந்தப் பாடு படுவாள்?

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இருந்து மலையில் வேலை செய்தது. சாமைக்குத் தோல் நீக்கும் இயந்திரங்கள் ஊருக்குள் வந்தன. பெண்கள் குழுக்கள் அதை நடத்தின. உலக்கைக்கு ஓய்வு கிடைத்தது. 2023-ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியது.

பாட்டியின் கையில் உள்ள காய்ப்பைப் பார்த்து வளர்ந்த பெண், "அந்த இயந்திரத்தில் குருணை அதிகம் விழுகிறது. அதைக் குறைக்க வழி தேடுகிறேன். அதற்கு உணவுத் தொழில்நுட்பம் படிக்க வேண்டும்" என்று எழுதினால், லண்டனில் உட்கார்ந்து படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். இந்தக் கதை வேறு யாரிடமும் இல்லை. எந்த கன்சல்டன்சியிலும் விற்பதில்லை!

ஒன்று கவனிக்க வேண்டும். கஷ்டத்தைச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் பக்கம் பூராவும் கஷ்டமே இருந்தால் படிக்கிறவர் "ஐயோ பாவம்" என்பார், அத்தோடு சரி. கஷ்டத்தைப் பார்த்து நீ என்ன யோசித்தாய், என்ன செய்து பார்த்தாய், அந்தப் படிப்பு எதற்கு உதவும்? இதுதான் அவருக்கு வேண்டும்.

இன்னொரு சங்கதி. சாதிச் சான்றிதழில் "மலையாளி" என்று இருக்கும். வெளிநாட்டுக்காரர் கேரளா என்று நினைத்துக்கொள்வார்! (சேலத்திலேயே சில பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.) "நாங்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்" என்று ஒரு வரி போட்டுவிட வேண்டும்.

அளவு தாண்டக் கூடாது

பிளஸ்-2 முடித்து நேராகப் போகிறவர்களுக்கும் இது உண்டு. பிரிட்டனில் இப்போது மூன்று கேள்வி கொடுக்கிறார்கள். ஏன் இந்தப் படிப்பு, படித்தது எப்படி உதவியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்று. மூன்றும் சேர்த்து, இடைவெளி உள்பட, 4,000 எழுத்துகள். அமெரிக்காவில் பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பத்தில் 650 சொற்கள். நம் நாட்டிலும் சோனிபட் அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்கள் கட்டுரை கேட்கின்றன.

முதலில் தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம். பாட்டியிடம் பேசுகிற மாதிரி எழுதினால் விஷயம் தானாக வந்து விழும். அப்புறம் இங்கிலீஷ். பிழை பார்க்க வாத்தியாரிடம் கொடுக்கலாம், திருத்தச் சொல்லலாம், எழுதச் சொல்லக் கூடாது.

பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகளுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15. மற்றப் பெரும்பாலான இளநிலைப் படிப்புகளுக்கு ஜனவரி நடுவில். நம் பிளஸ்-2 பரீட்சை அதற்குப் பிறகு மார்ச்சில்தான் வருகிறது!