பரமபதத்து ஏணியும் பேத்தியின் லெவலும்

பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்தால் பரமபதப் படத்தைப் பரணிலிருந்து இறக்குவது எங்கள் பாறசாலை வீட்டு வழக்கம். சென்ற ஆண்டு ஜூலையில் துபாயிலிருந்து வந்த பேத்தி அதை ஒரு முறை ஆடிவிட்டுச் சுருட்டி வைத்தாள். "தாத்தா, இதில் காய் மேலே போகுது, ஆனா காய் மாறவே இல்லையே" என்றாள். பிறகு தன் பெட்டியிலிருந்து இருபது முகமுள்ள ஒரு பகடையை எடுத்தாள்.

அவள் கொண்டுவந்த விளையாட்டின் பெயர் டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஒளிந்து கொள்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே ஆடுவார்கள். முடியுமா முடியாதா என்பதைப் பகடை சொல்லும். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் பலர் மணிக்கணக்கில் இதில் அமர்ந்திருப்பதைப் பெற்றோர் பார்த்திருக்கலாம். அதில் "லெவல் ஏறிட்டேன்" என்று அவர்கள் கூச்சலிடுவது என்ன என்பதைத்தான் இங்கே விளக்க முற்படுகிறேன்.

பரமபதத்தில் ஏணி காயை மேலே தூக்கும், பாம்பு கீழே தள்ளும். காய்க்குள் ஒன்றும் சேர்வதில்லை. வைகுண்ட ஏகாதசி இரவு முழுவதும் ஆடினாலும் கடைசிக் கட்டத்தில் நிற்பது அதே சோழிதான். பேத்தியின் ஆட்டத்திலோ பாத்திரத்துக்கென்று ஒரு தாள் உண்டு. நம் அலுவலகத்து சர்வீஸ் ரிஜிஸ்டர் போல. வலிமை, சுறுசுறுப்பு, உடலுறுதி, அறிவு, விவேகம், ஆளுமை என்ற ஆறு குணங்களுக்கும் எண்கள். முதல் லெவலில் தொடங்கி இருபது வரை ஏறலாம்.

ஏறுவதற்கு வேண்டியது அனுபவப் புள்ளி. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி இரண்டாம் லெவலுக்கு 300, மூன்றாவதற்கு 900, நான்காவதற்கு 2,700, ஐந்தாவதற்கு 6,500. ஒரு கோப்ளின், அதாவது குட்டிப் பூதம், 50 புள்ளி பெறும். அதைக் குழுவினர் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். நால்வரும் இரண்டாம் லெவலுக்குப் போக 24 பூதங்கள் என்று நான் கணக்குப் போட்டுச் சொன்னதும் எனக்கு அந்தக் கூட்டத்தில் மதிப்புக் கூடியது.

லெவல் ஏறினால் என்ன கிடைக்கும்? உயிர்ப்புள்ளி ஒவ்வொரு லெவலிலும் கூடும். நான்காம் லெவலில் ஆறு குணங்களில் ஒன்றை இரண்டு கூட்டிக் கொள்ளலாம். ஐந்தாம் லெவலில் போர்வீரன் ஒரே வீச்சுக்குப் பதில் இரண்டு வீசுவான். மந்திரவாதி தீப்பந்து எறியக் கற்பான். கைத்திறனுக்கான கூடுதல் எண் மட்டும் மெதுவாக வளரும்: தொடக்கத்தில் 2, பதினேழாம் லெவலில்தான் 6.

சிக்கல் மூன்றாவது வாரம் வந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து என் தம்பியின் பேரப்பிள்ளைகள் மூவர் சனிக்கிழமை தோறும் வந்து ஆடினார்கள். அடுத்த வீட்டுப் பையன் ஒருவனும் மந்திரவாதியாகச் சேர்ந்திருந்தான். முதல் இரண்டு சனியும் அவனுக்கு டியூஷன். அவன் வந்தபோது மற்றவர்கள் மூன்றாம் லெவல், அவன் முதல் லெவல். அன்று எதிரே வந்தது ஓகர் என்னும் ராட்சதன். அவன் தடியடி ஒன்றுக்குச் சராசரி 13 புள்ளி சேதம். பையனிடம் இருந்த உயிர்ப்புள்ளி 7. முதல் அடியிலேயே மயங்கி விழுந்து, மீதி ஒரு மணி நேரம் வேடிக்கை பார்த்தான். "எனக்கு வேண்டாம் தாத்தா, அவியளே களிக்கட்டு" என்று எழுந்து போய்விட்டான்.

பேத்தி விதியில் தவறில்லை என்றாள். அட்டவணையைப் பார்த்தால் அவள் சொன்னதிலும் நியாயம் உண்டு. மூன்றாம் லெவல்காரர் நான்காவதற்குப் போக 1,800 புள்ளி வேண்டும். அதே 1,800 பையனுக்கும் கிடைத்தால் அவன் முதலாவதிலிருந்து நேரே மூன்றாவதற்கு வந்துவிடுவான். பின்தங்கியவன் தானாகவே எட்டிப்பிடிக்கும்படி போட்ட அட்டவணை அது. ஆனால் அதுவரை அவன் பிழைத்திருக்க வேண்டுமே! மூப்புப் பட்டியல் தயாரித்த காலத்தில் தொலைதூரப் பகுதியில் கிடந்ததால் என் பெயரும் ஒரு முறை பின்னுக்குப் போனது. பட்டியலில் பிழையில்லை என்று சொன்னவர்களிடம் எனக்கும் பதில் இருக்கவில்லை.

வேறு ஆட்டங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று அவளிடமே கேட்டேன். ஆதி டஞ்ஜன்ஸில் கொண்டுவந்த பொற்காசுக்கும் புள்ளி உண்டாம். ஆகவே ஆடுபவர்கள் சண்டையைத் தவிர்த்துப் புதையலைக் கடத்துவதில் புத்தியைச் செலவிட்டார்கள். எதற்குப் புள்ளியோ அதைத்தான் பிள்ளைகள் செய்வார்கள். 1978-இல் வந்த ரூன்குவெஸ்டில் லெவலே கிடையாது. எந்த வேலையை வெற்றியாகச் செய்தாயோ அதற்கு ஒரு குறி. பிறகு நூறுக்குள் பகடை உருட்டி, உன் இப்போதைய திறனுக்கு மேல் எண் விழுந்தால் அந்தத் திறன் கூடும். கை தேர்ந்தவனுக்கு மேலும் கற்பது கடினம் என்பது இதில் தானாக வந்துவிடுகிறது. தண்டவாளத்தில் கேங்மேனாகச் சேர்ந்து கீமேனாகி மேட்டாக உயர்ந்தவர்களோடு வேலை பார்த்த எனக்கு இதுதான் உண்மைக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. 2012-இல் வந்த டஞ்ஜன் வேர்ல்டில் பகடை தோற்றாலும் அனுபவப் புள்ளி உண்டு. இதைக் கேட்டுத் தம்பி பேரன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை.

1977-இன் டிராவலரில் பாத்திரம் ஆட்டத்துக்கு முன்பே நான்கு நான்கு ஆண்டாகப் படையிலோ வணிகக் கப்பலிலோ பணி செய்து திறமை சேர்த்துக்கொண்டு வரும். அந்தப் பணிக்காலத்திலேயே இறந்தும் போகலாம்! ஐந்து தவணை முடித்தால் ஓய்வூதியம் உண்டு. ஆட்டம் தொடங்கிய பின் பெரிய வளர்ச்சி இல்லை. எனக்கேற்ற ஆட்டம் என்று பேத்தி சொன்னாள்.

டஞ்ஜன்ஸ் விதிநூலிலேயே மாற்று வழியும் இருந்தது. புள்ளிக் கணக்கை விட்டுவிட்டு, கதையில் ஒரு முக்கியக் கட்டம் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக லெவல் ஏறுவது. வந்தவன், வராதவன் பேதமில்லை. ஒழுங்காக வந்த மூவருக்கும் இதில் மனத்தாங்கல்தான். "அவன் செத்துப்போனா நம்மளைத்தான் அடிக்கும் ராட்சதன்" என்று மூத்தவள் சொன்ன பிறகே ஒத்துக்கொண்டார்கள். பேத்தி அடுத்த வீட்டுக்குப் போய், அவனும் இப்போது மூன்றாம் லெவல் என்று சொல்லி அழைத்து வந்தாள்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, அவள் விமானம் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பு, எல்லோரும் ஐந்தாம் லெவலை எட்டினார்கள். பையன் தீப்பந்து எறிய வேண்டும். அதற்கு ஆறு முகப் பகடை எட்டு வேண்டும். வீட்டில் இருந்தது நான்கு. அவன் அவற்றை இரண்டு முறை உருட்டினான். கூட்டிச் சொல்லும் வேலையை எனக்குக் கொடுத்தான்.