பாலெர்மோ குட்டைகளில் குடியேறிய தவளை

சிசிலித் தீவின் தலைநகரான பாலெர்மோவின் ஓரத்தில் சியாகுல்லி என்ற பகுதி இருக்கிறது. மற்ற இடங்களில் அறுவடை ஓய்ந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் பழுக்கும் கமலா ஆரஞ்சுக்குப் பேர்போனது. கோடையில் அங்கே மழை மிகக் குறைவு. தேக்கிவைத்த நீர்தான் தோட்டங்களைக் காக்கிறது. பாலெர்மோ மாகாணம் எங்கும் இதே நிலைதான். சதுப்பு நிலங்கள் பெரும்பாலும் வடிக்கப்பட்டுவிட்ட அந்தத் தீவில், விவசாயிகள் வெட்டிய பாசனக் குட்டைகளே தவளைகளுக்கு மிஞ்சிய புகலிடம்.

அந்தப் புகலிடமும் இப்போது பறிபோகிறது. நகருக்குத் தென்மேற்கே, யாத்தோ, பெலிச்சே ஆறுகளின் படுகைகளில், ஆப்பிரிக்க நகத்தவளை பரவியிருப்பது 1990-களின் இறுதியில் தெரியவந்தது.

விசித்திரமான பிராணி இது. தட்டையான உடல், உச்சந்தலையில் கண்கள். நாக்கு கிடையாது, இரையை முன்னங்கால்களால் வாய்க்குள் தள்ளிக்கொள்ளும். பின்னங்கால் விரல்கள் மூன்றில் கறுத்த நகங்கள். உடலின் பக்கவாட்டில் தையல் போட்டதுபோல் கோடுகள்: கலங்கிய நீரிலும் இரையின் அசைவை உணர்த்தும் உறுப்புகள் அவை. வாழ்நாளில் பெரும்பகுதி நீரிலேயே கிடக்கும். குட்டை வற்றினால் சேற்றில் புதைந்து காத்திருக்கும். மழை பெய்தால் தரைவழியே அடுத்த குட்டைக்குப் போய்விடும்.

இந்தத் தென்னாப்பிரிக்கத் தவளையை உலகெங்கும் கொண்டுசேர்த்தது மருத்துவம். கர்ப்பிணியின் சிறுநீரை இதன் உடலில் செலுத்தினால் சில மணி நேரத்தில் முட்டையிடும். 1930-களில் கண்டறியப்பட்ட இந்தச் சோதனைக்காக ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியானது. பிறகு ஆய்வுக்கூட விலங்காகவும் வளர்ப்புப் பிராணியாகவும் ஆனது. தப்பியவையும் விடப்பட்டவையும் சிலி, அமெரிக்கா, பிரான்ஸ், போர்ச்சுகல் நாடுகளில் பெருகின. தவளை இனங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சையைத் தான் நோயுறாமலே சுமக்கக்கூடியது என்பது கூடுதல் ஆபத்து.

சிசிலியில் என்ன நடந்தது? 2011-இல் வெளியான ஆய்வு அதைச் சொல்கிறது. நகத்தவளை நிலைகொண்ட குட்டைகளில் உள்ளூர் வண்ணத் தவளை, மரத்தவளை, குளத்துத் தவளை ஆகியவற்றின் இனப்பெருக்கம் சரிந்தது. தேரை மட்டும் பாதிக்கப்படவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் குட்டையில் எந்த மாற்றமும் தெரியாது. சாக்கடையோ சாயக்கழிவோ கலந்தால் கண்ணுக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியும். இந்தக் கேடு தெரியாது; அதனால்தான் இதை நான் அதிகம் அஞ்சுகிறேன். சாக்கடையை நிறுத்தினால் ஆறு தேறும். பரவிவிட்ட உயிரைத் திரும்பப் பிடிப்பது அநேகமாக நடக்காத காரியம். ஐரோப்பிய ஒன்றியம் நகத்தவளையைத் தடைப்பட்டியலில் சேர்த்ததே 2022-இல்தான்.

நன்னீர் உயிர்களில் இழப்பு ஏற்கெனவே கடுமை. கண்காணிக்கப்படும் நன்னீர் முதுகெலும்பிகளின் எண்ணிக்கை 1970-லிருந்து சராசரியாக 85 விழுக்காடு சரிந்திருப்பதாக உலக இயற்கை நிதியத்தின் 2024 அறிக்கை கூறுகிறது. அணைகளும் கழிவும் மணற்கொள்ளையும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. அயல் உயிர்களின் பங்கும் சிறிதல்ல.

நம் பக்கமும் கதை இதுவே. இந்தியாவின் பெரிய தவளை இனம் ஒன்று அந்தமானுக்குப் போய், அங்குள்ள தலைப்பிரட்டைகளைத் தின்கிறது. 2000-இல் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னமும் திருட்டுத்தனமாக வளர்க்கப்படுகிறது. கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கப்படும் தென்னமெரிக்க மீன், நம் ஏரிகளில் வலையில் சிக்குகிறது. வளர்க்க முடியாமல்போன மீனையோ ஆமையையோ பாவம் பார்த்துக் குளத்தில் விடாதீர்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்க விரும்பும் வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.