சதுப்பு நிலம் காத்து வைத்திருக்கும் மலையகத்தின் பழைய வரலாறு

உயிர்ச்சுவடு என்றதும் பாறையில் பதிந்த எலும்புகளும் சிப்பி ஓடுகளுமே நமது நினைவுக்கு வருகின்றன. ஆனால் நுவரெலியா, ஹற்றன் மலைகளின் பாறைகளில் அவற்றைத் தேடுவது வீண் முயற்சியாகும். அவை 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள். அத்தகைய பாறைகளில் உயிரினங்களின் தடயம் எஞ்சுவதில்லை.

எனினும் மலையகத்துக்கும் உயிர்ச்சுவடுகள் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணிய அவை, கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் அமைந்த ஹோட்டன் சமவெளியின் சதுப்பு நிலங்களில் புதைந்துள்ளன. அவை பூக்களின் மகரந்தத் துகள்களாகும்.

மகரந்தத்தின் வெளிச்சுவர் மிக உறுதியானது. நீர் தேங்கிய சேற்றில் ஒட்சிசன் குறைவாதலால், அது பல்லாயிரம் ஆண்டுகள் சிதையாதிருக்கும். பெரும்பாலான தாவரக் குடும்பங்களின் மகரந்தம் தனக்கெனத் தனி வடிவம் கொண்டது. எனவே சேற்றுப் படைகளைத் துளையிட்டு எடுத்து, கதிரியக்கக் காபன் முறையில் வயதைக் கணித்து, நுணுக்குக்காட்டியில் நோக்கினால், எக்காலத்தில் எத்தாவரம் வளர்ந்தது என்பதை அறியலாம். தாவரத்தைக் கொண்டு மழையையும் வறட்சியையும் உய்த்துணரலாம்.

ரத்னசிறி பிரேமதிலக்கவும் யான் ரிஸ்பேர்க்கும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையானதே. அது சுமார் 24,000 ஆண்டு வரலாற்றை வெளிப்படுத்தியது. உலகின் வடபகுதிகளைப் பனிப்படலம் மூடியிருந்த அக்காலத்தில், இன்று மூடுபனி தவழும் இச்சமவெளியில் வறண்ட நிலத் தாவரங்கள் வளர்ந்தன. தென்மேல் பருவமழை நலிந்திருந்தது. பின்னர் மழை வலுத்து, இடையிடையே மீண்டும் குன்றியது. பழங்காலத்திலேயே இங்கு வாற்கோதுமை போன்ற தானியங்கள் பயிரிடப்பட்டன எனவும் அவ்வாய்வு கூறியது. எனினும் காட்டுப்புல்லின் மகரந்தத்தையும் தானிய மகரந்தத்தையும் வேறுபடுத்துவது கடினமாதலால், இம்முடிவு விவாதத்துக்குரியதாகவே உள்ளது.

மலையடிவாரத்து இரத்தினபுரியும் இத்தகைய மாற்றத்துக்குச் சான்று பகர்கிறது. மாணிக்கக்கல் அகழும் குழிகளின் சரளைப் படைகளிலிருந்து, இன்று இலங்கைக் காடுகளில் இல்லாத நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த பி.ஈ.பி. தெரணியகல அவற்றை விவரித்தார்.

இவை வெறும் பழங்கதைகளல்ல. இலங்கையில் வர்த்தக ரீதியான தேயிலைச் செய்கை 1867இல் லூல்கந்துரவில் தொடங்கியது. தோட்டங்களின் மழைப் பதிவேடுகள் சில தலைமுறைகளின் அனுபவத்தையே சொல்லும். மழை பொய்த்தால் கொழுந்து குறைகிறது. கொழுந்து குறைந்தால் தொழிலாளியின் வருமானம் குறைகிறது. மழை மிகுந்தால் லயன் குடியிருப்புகளின் மேல் மண் சரிகிறது. 2014இல் மீரியபெத்தையில் நிகழ்ந்த துயரத்தை நாம் மறக்கவியலாது. பருவமழை எவ்வளவு மாறக்கூடியது என்பதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சாட்சியைச் சதுப்பு நிலமே வைத்திருக்கிறது.

அச்சாட்சி ஈரம் உள்ளவரையே நிலைக்கும். நீரை வடித்தாலோ தீ மூண்டாலோ படைகள் உலர்ந்து, மகரந்தம் சிதைந்து அழியும். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்காவாகவும், 2010 முதல் உலக மரபுரிமையின் பகுதியாகவும் காக்கப்படுகின்றது. அதன் எல்லைக்கு வெளியே, தோட்டங்களை அடுத்துள்ள சதுப்புகளை மண்ணிட்டு நிரப்புவதற்கு முன் அதிகாரிகளும் மக்களும் ஒருகணம் சிந்திக்க வேண்டும். ஒருமுறை அழிந்த பதிவை மீண்டும் எழுத எவராலும் இயலாது.