பயிரைக் கருக்கிய புகை உரமான கதை

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றைப் போலவே கந்தகமும் பயிருக்குத் தேவை. வேர் வழியே சென்றால் அது சத்து. புகையாக இலைக்குள் மிகுதியாகப் புகுந்தால் நஞ்சு.

துத்தநாகம், ஈயம், செம்பு ஆகியவற்றின் தாதுக்கள் பெரும்பாலும் கந்தகம் கலந்தவை. உலையில் வறுக்கும்போது இக்கந்தகம் கந்தக டை ஆக்சைடு வாயுவாக வெளியேறும். தாதுவில் சிறிதளவு உள்ள பாதரசமும் ஆவியாகி உடன் வரும்.

கனடா நாட்டின் டிரெயில் நகர உருக்காலையில் 1925, 1927-ஆம் ஆண்டுகளில் 409 அடி உயரப் புகைபோக்கிகள் கட்டப்பட்டன. ஆயினும் கேடு நீங்கவில்லை. கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே புகை எல்லை தாண்டி, அமெரிக்க விவசாயிகளின் பயிரைக் கருக்கியது. வழக்கு இரு நாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய், 1941-ல் இறுதித் தீர்ப்பு வந்தது. ஒரு நாட்டின் புகை அடுத்த நாட்டுக்குப் பெருங்கேடு செய்யலாகாது என்பதே அதன் சாரம். இதற்கிடையே 1931-லேயே அவ்வாலை, புகையில் பிடித்த கந்தகத்திலிருந்து அமோனியம் சல்பேட் தயாரிக்கத் தொடங்கிவிட்டது.

சுத்தம் செய்யும் முறை

1. புகையைக் குளிர்வித்து, மின் வடிகட்டியால் தூசியை நீக்கி, நீரால் கழுவுகின்றனர்.

2. பிறகு மெர்க்குரிக் குளோரைடு கரைசலைப் புகையின்மேல் தெளிக்கின்றனர். சித்த மருத்துவத்தில் 'வீரம்' எனப்படுவது இதுவே. இது பாதரச ஆவியுடன் சேர்ந்து, நீரில் கரையாத 'பூரமாக' அடியில் படியும். 1970-களில் நார்வேயின் ஓடா துத்தநாக ஆலையில் உருவான முறை இது.

3. ஈரம் நீக்கிய வாயுவை வனேடியம் வினையூக்கியின் வழியே செலுத்தி, கந்தக அமிலமாக்குகின்றனர்.

இந்த வரிசை முக்கியமானது. பாதரசத்தை முன்பே நீக்காவிட்டால் அது அமிலத்தில் கலந்துவிடும். அந்த அமிலம் உரத் தொழிற்சாலைக்குப் போனால், உரத்தின் வழியே பாதரசம் நம் வயலையே வந்து சேரும். புகைபோக்கியில் புகை தெரியாதது மட்டும் போதாது. அமிலமும் சுத்தமாக இருக்கவேண்டும்.

விவசாயிகள் கவனிக்க

இலை நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுத்துக் காய்வது கந்தகப் புகையின் அடையாளம். குதிரைமசால், பார்லி போன்றவை இதற்கு எளிதில் இலக்காகும். ஆலைக்கு அருகே இவ்வாறு கண்டால், நோய் என்று எண்ணி உடனே மருந்து தெளிக்கவேண்டாம். நாள், காற்று வீசிய திசை, வயலின் எந்தப் பக்கம் பாதிப்பு அதிகம் என்பவற்றைக் குறித்துக்கொண்டு, இலை மாதிரியுடன் வேளாண்மை அலுவலரை அணுகவும். பின்னர் இழப்பீடு கோர நேர்ந்தால், இக்குறிப்பே உங்கள் சாட்சி.