மாடியில் தானே சுழலும் வெந்நீர்

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், மார்கழிக் குளிரில் வெந்நீரின்றிக் குளிக்க எவரும் துணியாத பெங்களூரில், ஜயநகர், மல்லேசுவரம் முதலிய பகுதிகளின் மொட்டை மாடிகளை நோக்குவோருக்கு, தெற்கு முகமாய்ச் சாய்ந்த கரிய பலகையும், அதன் தலைமாட்டில் படுத்திருக்கும் உருளைத் தொட்டியும் அடிக்கடி தென்படும்.

விந்தை யாதெனில், இந்தச் சூரிய வெந்நீர்ச் சாதனத்தில் நீரைச் சுழற்ற மோட்டாரும் இல்லை, பம்பும் இல்லை. பலகையின் கண்ணாடிக்குக் கீழ், கரும்பூச்சுப் பெற்ற செப்புக் குழாய்களிலுள்ள ஜலம் சூரிய உஷ்ணத்தால் விரிந்து இலேசாகிறது. 20 டிகிரியில் 998 கிராம் எடையுள்ள ஒரு லிட்டர் நீர், 60 டிகிரியில் 983 கிராமே இருக்கும். அற்பமான இந்த 15 கிராம் பேதமே, பாரமான குளிர்நீர் தொட்டியின் அடியிலிருந்து இறங்கிப் பலகையின் கீழ்முனையில் நுழைய, இலேசான வெந்நீர் மேலேறித் தொட்டியில் சேர, வெயில் உள்ளமட்டும் ஓயாத பிரவாகத்தை நடத்துகிறது. உலைநீரில் அரிசி தானே புரள்வதைக் கண்ட நம் பாட்டிமாருக்கு இத்தத்துவம் புதிதன்று!

தொட்டி உயரத்தில் இருப்பது அலங்காரத்துக்காக அன்று. அதைத் தாழ வைத்தால், இரவில் பலகையிலுள்ள நீர் குளிர்ந்து கீழிறங்கி, பிரவாகம் தலைகீழாகத் திரும்பி, பகலெல்லாம் சேர்த்த உஷ்ணத்தை வானத்துக்கே வாரி வழங்கிவிடும். குழாயில் மேடுபள்ளம் இருப்பினோ, காற்றுக்குமிழி தங்கி ஓட்டமே அறுபடும்.

கர்நாடக அரசு 2007-ல் பலவகைப் புதிய கட்டடங்களுக்கு இச்சாதனத்தைக் கட்டாயமாக்கிற்று. ஆயினும் ஆழ்துளைக் கிணற்றின் கடினநீர் குழாய்க்குள் படியவைக்கும் சுண்ணாம்பைச் சட்டம் கரைக்காது; அந்நீரைப் பயன்படுத்துவோர் குழாய்களை அவ்வப்போது சுத்தம் செய்வித்துக்கொள்வார்களாக.