துணிக்கீலும் தேர்தல் தட்டியும்

காற்றே புகாத காளஹஸ்தி கருவறையில் ஒரு விளக்கு மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும் என்பார்கள். வாயுத் தலம் அல்லவா! அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு எதையாவது பறக்கவிடாமல் இருக்க முடியுமா? எண்பதுகளில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்த பக்கத்து வீட்டு அண்ணன் வழியாகத்தான் ஏரோமாடலிங் எங்கள் தெருவுக்கு வந்தது.

அன்று எங்களுக்குக் கிடைத்தது கம்பி விமானம். நடுவில் நாம் நிற்க, கையிலுள்ள பிடியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் போகும். அவற்றின் முனையில் விமானம் வட்டமடிக்கும். பிடியைச் சாய்த்தால் வாலில் இருக்கும் எலிவேட்டர் என்ற மடல் ஏறும், இறங்கும். அசைகிற பாகம் அது ஒன்றுதான். அதை வாலோடு இணைக்கும் அந்த ஒரு கீலுக்கே எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகும்.

கீல் என்றால் கதவுக்கீல் மாதிரி இரும்பு இல்லை, துணி. கலம்காரி போடும் வீடுகளில் கோராத் துணியின் ஓரத் துண்டுகள் மிஞ்சும். “கடுக்காயும் பாலும் ஏறினது வேண்டாம்டா, பால் கொழுப்புல பசை பிடிக்காது. நனைக்காத துணியாக் கேட்டு வாங்கிட்டு வா” என்பார் அண்ணன். கட்டைவிரல் அகலத்துக்கு ஆறு நாடாக்கள் வெட்டுவோம். முதல் நாடாவின் ஒரு பாதியை வாலின் மேல்பக்கம் ஒட்டி, இடுக்கு வழியாக இறக்கி, மறுபாதியை எலிவேட்டரின் அடியில் ஒட்ட வேண்டும். அடுத்தது நேர்மாறு: வாலின் அடியிலிருந்து எலிவேட்டரின் மேலுக்கு. இப்படி மாற்றி மாற்றி ஆறும் ஒட்டினால் எலிவேட்டர் இரண்டு பக்கமும் மடங்கும், இடுக்கும் பெரிதாகாது. இடுக்கு பெரிதானால் காற்று அதன் வழியே நழுவிவிடும், திருப்புகிற வலு போய்விடும். துணி கிடைக்காத வாரம் ஊசியும் நூலும்தான். பால்சா மரத்தில் துளையிட்டு, எட்டு போட்ட மாதிரி மேலும் கீழுமாகத் தைப்போம்.

பசை மடிப்புக் கோட்டுக்கு வரக் கூடாது என்பதற்காக அண்ணன் அங்கே முதலில் மெழுகுவத்தியைத் தேய்ப்பார். நான் ஒருமுறை தேய்க்க மறந்தேன். பசை ஊறி, துணி கட்டையாகிவிட்டது. கிளம்பிய விமானம் ஏறிக்கொண்டே போயிற்று, இறக்க முடியவில்லை. தலைக்கு மேல் வந்து, கம்பி தொய்ந்து, சுவர்ணமுகி மணலில் மூக்குக் குத்தியது. ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்கள் குறைவு என்பதால் அந்த மணல்தான் எங்கள் ஓடுதளம். அண்ணன் திட்டவில்லை. உடைந்த வாலை என் கையில் கொடுத்து, “மடிச்சுப் பாரு” என்றார். மடியவில்லை.

பிறகு கம்பிக்குப் பதில் ரேடியோ வந்தது. எலிவேட்டரோடு ரட்டர், எய்லரான் என்று அசையும் மடல்கள் பெருகின. வெளிநாட்டு நைலான் கீலுக்குக் காசில்லாதவர்கள் பழைய எக்ஸ்ரே ஃபிலிமையும், ஃபிளாப்பியை உடைத்து உள்ளே இருக்கும் வட்டையும் நறுக்கிச் செருகினார்கள். செருகியதை ஒரு சொட்டு உடனடிப் பசை பிடித்துக்கொள்ளும். 1942இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் துப்பாக்கிக் குறிகாட்டிக்காகத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது, எதைத் தொட்டாலும் ஒட்டுகிறதே என்று ஒதுக்கிவைத்த சரக்கு அது. 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது.

இன்று பையன்கள் சன்பேக் ஷீட்டில் செய்கிறார்கள். தேர்தல் முடிந்ததும் வேட்பாளர் சிரிக்கும் தட்டிகள் குவிந்து கிடக்குமே, அதே பொருள். இரண்டு தோலுக்கு நடுவே வரிசையாகக் குழல்கள் இருக்கும். ஒரு குழலின் மேல்தோலை மட்டும் பிளேடால் நீளவாக்கில் கீறினால் போதும், கீழ்த்தோலே கீலாகிவிடும். பசை வேண்டாம், நூல் வேண்டாம், பத்து நிமிட வேலை. தெர்மோகோல் போன்ற நுரைத் தகடு என்றால் விளிம்பைச் சாய்வாகச் சீவிவிட்டு மேலே டேப் ஒட்டுகிறார்கள். சித்திரை வெயிலில் மலிவு டேப் உரிந்து வருவதையும் பார்க்கிறேன். பழசே உசத்தி என்று சொல்ல மாட்டேன். முழு நீளத்துக்கும் இடுக்கே இல்லாத சன்பேக் கீல் என் துணிக்கீலைவிட எவ்வளவோ மேல்.

என் குறை வேறு. பாதிப் பேர் நேரே நாலு விசிறி டிரோனுக்குப் போய்விடுகிறார்கள். அதில் மோட்டார்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே திருப்பிவிடலாம், கீலே கிடையாது. காற்று ஒரு மடலைத் தள்ளுவதை விரலில் உணராமலேயே பறக்கவிட்டு முடித்துவிடுகிறார்கள். இது கிழவன் புலம்பல் என்றால் எங்கள் ஊருக்குக் கிழக்கே பாருங்கள். நேர்கோட்டில் ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து கிளம்பும் எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் இரண்டு எஸ்-200 பூஸ்டர்களிலும் வால்முனை நாசில் திரும்புவது அச்சாணியில் அல்ல. ரப்பரும் உலோகமும் அடுக்கடுக்காக ஒட்டிய வளையும் இணைப்பில். ஆணி சுழல வேண்டாம், பொருளே வளையட்டும் என்பதுதான் அங்கேயும் கணக்கு.

வீட்டில் பிள்ளைகள் விமானம் செய்தால் ஒன்று சொல்லுங்கள். கீல் போட்டதும் நூறு தடவை மேலும் கீழும் மடித்துப் பழக்க வேண்டும். பிறகு மடலை அசைக்கும் சர்வோ மோட்டாரின் கம்பியைக் கழற்றிவிட்டு மடலை ஒரு விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டதுமே போக வேண்டும். முரண்டு பிடித்தால் பிரித்து மறுபடி போடச் சொல்லுங்கள்.