தமிழ்ப் பயணக் கட்டுரைகளில் பிறநாட்டு அன்றாட வாழ்வு

பயணக் கட்டுரை என்பது ஒருவர் தாம் சென்று கண்ட ஊரையோ நாட்டையோ பற்றித் தம் பட்டறிவின் அடிப்படையில் எழுதும் உரைநடை ஆகும். பிறநாட்டு மக்கள் என்ன உண்கின்றனர், எவ்வாறு வேலைக்குச் செல்கின்றனர், அயலாரிடம் எப்படிப் பேசுகின்றனர் என்பன போன்ற செய்திகளைத் தமிழ் வாசகர்கள் 20 ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் இத்தகைய கட்டுரைகள் வழியாகவே அறிந்தனர். புவியியல் பாடநூல் ஒரு நாட்டின் பரப்பளவையும் தலைநகரையும் கூறும். அந்நாட்டின் காலை உணவைக் கூறுவது அரிது.

முன்னோடி வடிவங்கள்

சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படை நூல்கள் பயணக் கட்டுரைகள் அல்ல. எனினும், வழியில் உள்ள ஊர்களின் உணவையும் விருந்தோம்பலையும் ஊர் ஊராக விவரிக்கும் முறை அவற்றில் காணப்படுகிறது. இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. கடற்கரையில் உள்ள எயிற்பட்டினத்தில் தேறலும் சுட்ட மீனும், வேலூரில் எயினர் தரும் புளிச்சோறும் சுட்ட இறைச்சியும், மருத நிலத்து ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும் என்று அது பாணனுக்கு வழி கூறுகிறது. நிலம் மாறினால் உணவு மாறும் என்பதைப் புலவர் தனியே சொல்லவில்லை. உணவுப் பட்டியலே அதைச் சொல்லிவிடுகிறது. புலவரின் இடைக்கழிநாடு இன்றைய சிறுசேரிக்குத் தெற்கே, அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ளது.

உரைநடையில் 19 ஆம் நூற்றாண்டு நூல்கள் பெரும்பாலும் தலயாத்திரை பற்றியவை. சேலம் பகடால நரசிம்மலு நாயுடு எழுதி 1889 இல் வெளிவந்த 'ஆரிய திவ்விய தேச யாத்திரையின் சரித்திரம்' இவற்றுள் குறிப்பிடத்தக்கது.

ஏ. கே. செட்டியார்

கோட்டையூரில் 1911 இல் பிறந்த அ. கருப்பன் செட்டியார், ஏ. கே. செட்டியார் என்ற பெயரில் எழுதினார். இளம் வயதில் ரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றார். 1937 இல் அமெரிக்காவிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் செல்லும்போது, காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. இதற்காகப் பல நாடுகளுக்குப் பயணம் செய்து, பலரிடம் சிதறிக் கிடந்த சுமார் 50,000 அடி படச்சுருளைத் திரட்டினார். படம் 1940 இல் வெளியானது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற நூலும் அதே ஆண்டில் வந்தது. அந்நூற்பெயரே பின்னாளில் அவருடைய பட்டப்பெயர் போலாயிற்று.

1943 முதல் தாம் இறந்த 1983 வரை அவர் 'குமரி மலர்' இதழை நடத்தினார். 'ஜப்பான்', 'பிரயாண நினைவுகள்', 'மலேயா முதல் கனடா வரை', 'கரிபியன் கடலும் கயானாவும்' ஆகியன அவருடைய பிற பயண நூல்கள். காந்தி படம் உருவான கதை, ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்ற நூலில் உள்ளது.

செட்டியாரின் நடையில் வாக்கியங்கள் குறுகியவை. வியப்புச் சொற்கள் குறைவு. புகழ்பெற்ற கட்டடங்களைக் காட்டிலும் கப்பலில் உடன் வந்தவர், விடுதிக்காரர், வழி காட்டியவர் ஆகியோரே அவர் கட்டுரைகளில் நினைவில் நிற்கின்றனர். தம்மை முன்னிறுத்திக்கொள்ள அவர் விரும்பியதில்லை. தன் வரலாறு போலப் பெருகிவிட்ட பிற்காலப் பயணத் தொடர்கள் பலவற்றை நோக்க, இது ஒரு பெருங்குணம் எனலாம்.

எழுதியவர்களும் எழுதாதவர்களும்

தமிழகத்திலிருந்து கடல் கடந்தோரில் மிகப் பெரும்பாலோர் பயணிகள் அல்லர், தொழிலாளர்கள். இலங்கை, மலேயா, மொரீசியசு, தென்னாப்பிரிக்கா, பிசி, கரிபியன் நாடுகள் எங்கும் தோட்ட வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பிரித்தானியக் கயானாவுக்கு மட்டும் 1838 முதல் 1917 வரை இந்திய ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். அவர்களுள் ஒரு பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். இவர்கள் தாம் வாழ்ந்த நாட்டின் நாள்தோறுமான வாழ்வை எவரைக் காட்டிலும் நன்கு அறிந்தவர்கள். ஆயினும் அவர்கள் எழுதிய பயண நூல் என்று சுட்டத்தக்கவை அரியவை. பெரும்பாலோர்க்கு எழுத்தறிவு இல்லை. எழுதத் தெரிந்தவர்க்கும் ஓய்வோ அச்சகமோ வாய்க்கவில்லை.

இதன் விளைவு விந்தையானது. பிசித் தீவின் கரும்புத் தோட்டங்களில் இந்தியப் பெண்கள் பட்ட துன்பத்தைத் தமிழர் மனத்தில் பதித்த பாடலை எழுதிய பாரதியார் அத்தீவுக்குச் சென்றவர் அல்லர். சென்றவர்கள் எழுதவில்லை, எழுதியவர் செல்லவில்லை. கயானாவில் அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று ஆங்கிலம் பேசுகின்றனர். தமிழ் மறைந்த பின்னும் மாரியம்மன் வழிபாடு அங்கு நிலைத்துள்ளது. முதல் தலைமுறை ஒரு நாட்குறிப்பையாவது விட்டுச் சென்றிருந்தால் மொழி எவ்வாறு நழுவியது என்பது தெரிந்திருக்கும்.

பர்மாவைப் பொறுத்தவரை நிலை சற்று மேலானது. ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா, 1942 இல் சப்பானியப் படையெடுப்பின்போது இலட்சக்கணக்கான இந்தியர்களைப் போல நாடு திரும்ப நேர்ந்தது. அவருடைய 'எனது பர்மா வழிநடைப் பயணம்' அதன் நேரடிப் பதிவு. சுமத்ராவின் மேடான் நகரில் தமிழர் நடத்திய வட்டிக்கடைகளின் வாழ்வை அறிய ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' உதவும். இது புதினமே எனினும், ஆசிரியர் அங்கு வேலை பார்த்தவர்.

விடுதலைக்குப் பின்

1950களுக்குப் பிறகு வானூர்திப் பயணமும் வார இதழ்களும் இவ்வகை எழுத்தைப் பெருக்கின. சோமலெ பல நாடுகளைப் பற்றி எழுதினார். ஆனந்த விகடனில் மணியன் எழுதிய தொடர்கள் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்றன. தி. சானகிராமன் சப்பானைப் பற்றி 'உதயசூரியன்', ஆத்திரேலியாவைப் பற்றி 'அடுத்த வீடு ஐம்பது மைல்' ஆகியவற்றை எழுதினார். பின்னதன் தலைப்பு ஒன்றே, தெருவை ஒட்டித் தெருவாக வாழும் தமிழ் வாசகருக்கு அந்நாட்டின் தனிமையை உணர்த்திவிடும்.

அரசு அழைப்பின்பேரில் சென்று எழுதப்பட்ட நூல்களைச் சற்று எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் எழுத்தாளர்களை அழைத்துத் தம் பள்ளிகளையும் பண்ணைகளையும் காட்டின. விருந்தினர் காண்பது விருந்தறையை, சமையலறையை அன்று. ஓர் ஊரில் நான்கு நாள் தங்கியவர் "இந்நாட்டு மக்கள் அனைவரும்" என்று தொடங்கினால் மாணவர்கள் அங்கே ஒரு கோடு இட்டுக்கொள்ளலாம். மாறாக, பேருந்துக் கட்டணம், கூலி, வாடகை ஆகியவற்றை ஆசிரியர் குறித்திருந்தால் அவை பின்னாளில் வரலாற்றுச் சான்றாகவும் பயன்படும்.

நெடுநாள் வாழ்ந்து எழுதுவோரிடம் இக்குறை குறைவு. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் பிறந்து, ஐ.நா. பணியில் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகள் பலவற்றில் வாழ்ந்து, கனடாவில் குடியேறிய அ. முத்துலிங்கம் இவ்வகையில் முதன்மையானவர். 'அங்கே இப்ப என்ன நேரம்?' என்ற அவருடைய கட்டுரை நூலின் தலைப்பு, தொலைபேசியில் புலம்பெயர்ந்தோரிடம் உறவினர் கேட்கும் கேள்வி.

கணினித் துறை வளர்ந்தபோது, பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட் பூங்கா வரையுள்ள நிறுவனங்களின் பொறியாளர்கள் பலர் 'ஆன்சைட்' என வெளிநாட்டுப் பணிக்குச் செல்லலாயினர். இவர்கள் எழுத்தறிவு நிறைந்தவர்கள். எனினும் அங்கு அவர்கள் கண்ட அலுவலக வாழ்வு தமிழில் நூலாக வந்தது அவர்தம் எண்ணிக்கையை நோக்கக் குறைவே.

அதே சாலை தொடங்கும் பகுதியில், தரமணியில், 1994 இல் நிறுவப்பட்ட ரோசா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உள்ளது. பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் நாடும் மாணவர்கள் அங்குச் செல்லலாம். இதன் அடிப்படைத் தொகுப்பைச் சேர்த்த முத்தையா செட்டியாரும், ஏ. கே. செட்டியாரைப் போலவே, கோட்டையூர்க்காரர்.